முந்திய சத்தம், பிந்திய புகை

என் வீட்டுக்காரர் ஊருக்குப் பல் டாக்டர், வீட்டில் டாங்கி டிரைவர். மூன்று மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் முழ நீளத்துக்கு ஒரு ரிமோட் பொம்மை டாங்கி குடியிருந்தது. அதைச் சுற்றி ஸ்குரூ, ஒயர், எண்ணெய்ப் புட்டி. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பொறுத்துப் பார்த்து, ஒருநாள் கறாராகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ரிமோட் வண்டி கிளப் போட்டியில் ஜெயித்தால் மேசை இன்னும் ஒரு வருஷத்துக்கு டாங்கிக்கு. தோற்றால் டாங்கி பரணுக்கு, மேசை எனக்கு. மனிதர் மறு பேச்சில்லாமல் தலையாட்டினார்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். நிஜ டாங்கி மாதிரியே ஓடுகிற வண்டிக்குத்தான் அங்கே பரிசு; இது ஜெயிக்காது என்று எனக்குத் தெரியும். ரிமோட்டைத் தள்ளியதுமே உள்ளிருக்கும் ஸ்பீக்கர் எஞ்சின்போல உறுமும், வண்டியும் பாயும். புகை மட்டும் சாவகாசமாகப் பின்னால் எட்டிப் பார்க்கும். எண்ணெய் சூடாகி, குட்டி விசிறி ஊதி, குழாய் வழியாக வெளியே வருவதற்குள் உறுமல் பாதி முடிந்துவிடும்.

இவர் புகையை விரட்டு விரட்டென்று விரட்டினார். பெரிய விசிறி மாட்டினார், சூட்டைக் கூட்டினார். வீடு முழுக்க எண்ணெய் வாடை அடித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை பதினொரு தடவை ஓட்டினார். நான் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தேன். நான் டப்பிங் ஸ்டூடியோவில் எடிட்டர். வாயசைவும் குரலும் இம்மி பிசகினாலும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பன்னிரண்டாவது தடவை பேப்பரைத் தூக்கிப் போட்டேன்.

"என்னங்க, புகையை ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? சத்தத்தைப் பின்னாடி தள்ளுங்க!"

"சத்தத்தையா?"

"ஆமா. வாய் லேட்டா திறந்தா குரலையும் லேட்டாத்தானே விடுவோம்? வண்டியும் அப்பவே நகரட்டும். நிஜ டாங்கி அவ்வளவு கனமான இரும்பு, தொட்டதும் துள்ளிக் குதிக்குமா என்ன?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதற்குள் லேப்டாப்பைத் திறந்து டாங்கியின் சவுண்ட், மோட்டார் செட்டிங்கில் கை வைத்துவிட்டார்.

"எவ்வளவு தள்ளணும், நீயே பாத்துச் சொல்லு."

தப்பாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம், மேசை என் கைக்கு வந்திருக்கும். என்னால் முடியவில்லை. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... அய்யோ, ஜாஸ்தி... ஆங், அங்கதான், அங்கதான்!" என்று கத்தினேன்.

மறுநாள் கிளப்பில் டாங்கி ஒரு செருமல் செருமியது. அதே நொடியில் புகை குபுக்கென்று வந்தது. கூட்டம் கைதட்டியது. முதல் பரிசு எங்களுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மேசை மேலிருந்த சாமான்களை ஒதுக்க ஆரம்பித்தார்.

"மேசையை நீயே வச்சுக்கம்மா. நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா உனக்குத்தானே கிடைச்சிருக்கும்."

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. என்மேல் எனக்கே கொஞ்சம் எரிச்சல், அதைவிட நிறையப் பெருமை.

"அதெல்லாம் அப்புறம் ஒதுக்கலாம்," என்றேன். "முதல்ல அதை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க."