ரோஜாத்தொட்டியில் முளைத்த ஓட்டுநர்

பேருந்து ஓட்டுநர் பிடுங்கிக்கொண்ட கடைவாய்ப்பல், மழைக்காலம் முடிவதற்குள் பால்கனித் தொட்டியில் முழு ஆளாக முளைத்துவிட்டது. தப்பு அவருடையதுதான். ரோஜாவுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று மனைவி முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதைப் பார்த்தவர், பல்லும் அதே சரக்குதானே என்று புதைத்துவிட்டார். முதலில் எட்டிப் பார்த்தது சுண்டுவிரல். வெண்டைக்காய் என்று நினைத்து அவள் தண்ணீர் ஊற்றினாள். பிறகு முழங்கை, தோள், இடது புருவத்து மச்சம். கடைசியில் ஆளே இறங்கி வந்து துண்டு கேட்டான். அதே முகம், அதே இருமல். முடி மட்டும் கூடுதல். பழையவருக்குக் கொட்டியது இவனுக்கு இன்னும் கொட்டவில்லை.

அன்றுமுதல் பழையவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் பால்கனிக்குப் போனார், சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் வண்டியை உறுமவைத்தார். புதியவன் குரலை உயர்த்துவதில்லை, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான், மனைவி சொல்வதைக் கடைசிவரை கேட்டான். அவளும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். தன் பல்லே தன் வாய்ச்சோற்றைப் பிடுங்கிவிடும் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மனைவியின் தங்கை, இருவர் எச்சிலையும் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு பேர் ஜீனோமும் ஒண்ணுதான்க்கா. ஜீனோம்னா ஒரு ஆளை உண்டாக்கற மொத்தக் குறிப்பு. பல்லுக்குள்ளயும் அது முழுசா இருக்கும். பல்லு தனக்கு வேண்டியதை மட்டும் படிச்சுட்டுச் சும்மா இருக்கணும். இது மொத்தத்தையும் படிச்சுத் தொலைச்சிருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா என்னோட சண்டை போட்டது? அது அந்தக் குறிப்புல எங்க இருக்கு?"

"அது இருக்காதுக்கா. முன்கோபத்துக்கு வேணா அங்கங்க கொஞ்சம் இருக்கலாம். அந்தக் குறிப்புல நிறைய இடம் எதுக்குன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது."

"உங்க மாமா தலையும் அப்படித்தான்" என்றாள் மனைவி.

பிறகு இருவரையும் சோபாவில் உட்காரவைத்து, ஒரு பழைய சண்டையை நடுவிலிருந்து தொடங்கினாள்.

"அன்னிக்கு உங்க அக்கா முன்னாடி என்னைப் பார்த்து என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?" என்று பணிவாகக் கேட்டான் புதியவன்.

பழையவர் துள்ளி எழுந்தார். "அதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே? மொதல்ல அதைச் சொல்லு!"

அவள் முகம் தெளிந்தது. "இவர்தான்டி" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மிச்சச் சண்டையை முடிக்க அவரைச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். அது சாயங்காலம் வரை நடந்தது.

புதியவன் தம்பி என்ற உறவோடு முன்னறையில் தங்கி, அண்ணனிடமே ஓட்டக் கற்று, அதே பணிமனையில் சேர்ந்தான். பிரேக் போடும்போது திட்டினால் அண்ணன், பேசாமல் போட்டால் தம்பி என்று பயணிகள் பிரித்தறிந்தார்கள். வரவர அதுவும் குழம்புகிறது. சாலை தம்பிக்கும் வாயைக் கற்றுக்கொடுத்துவிட்டது. பழையவருக்கு இப்போது மறுபக்கத்துப் பல் வலிக்கிறது. பிடுங்குங்கள், ஆனால் பல்லை மருத்துவரிடமே விட்டுவிட்டு வாருங்கள் என்கிறாள் மனைவி. மருத்துவர் வீட்டில் தோட்டம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்கிறார் இவர்.