அம்மாவுக்குச் சூடான மண்

எங்கள் எரிமலைத் தீவில் பிணத்தை எரிப்பதில்லை. குழி தோண்டுவதற்கு முன் யாராவது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று பார்ப்பார்கள். கால் குளிர்ந்தால் அது புதைக்கிற இடம். சுட்டால் கிழங்கு வேகவைக்கிற இடம்.

அப்பா மட்டும் அதை மீறினார். அம்மாவுக்கு எப்போதும் குளிரும். கோடையிலும், கிழங்கு வேகும் ஆவிக்குழியில் சுட்ட கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். எனக்குப் பால்பல் விழுந்த வருடம் அவள் இறந்தாள். ஊர் முணுமுணுக்க முணுமுணுக்க, மலைமுகட்டின் மேல் வெதுவெதுப்பான மண்ணில் அவளைப் படுக்கவைத்தார்.

இந்த வசந்தத்தில் முகட்டில் விரிசல் விட்டது. முதலில் மயிரிழை, பிறகு கை நுழையும் அகலம். தோக்கியோவிலிருந்து ஓரியே அக்கா வந்தார். பாறைகளைப் படித்தவர். விரிசலின் இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து, தினமும் இடைவெளியை அளந்தார். உயர்நிலைப் பள்ளிக்குக் கப்பலேறிப் போய் ஒரு பருவம்கூடத் தாங்காமல் திரும்பி வந்தவள் நான். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க என்னை அனுப்பினார்கள். பேச வேண்டியிராத வேலை. பிடித்திருந்தது.

சரிந்த பக்கத்தில் மலை வெட்டிவைத்த மாதிரி தெரிந்தது. கருங்கல், மேலே சிவப்புச் சரளை, அதன் மேல் சாம்பல், மறுபடி கருங்கல்.

"இந்தக் கருப்பு மெதுவா ஆறினது. உள்ள காத்து இல்ல, அதான் கனம். செவப்பு நுரை மாதிரி பொங்கி ஆறினது. ரெண்டையும் தூக்கிப் பாரு, மிசாவோ" என்றார் அக்கா.

தூக்கிப் பார்த்தேன். அம்மாவும் இப்படித்தான் கையில் எடை பார்த்துக் கல் எடுப்பாள்.

அந்த வாரக் கடைசியில் அக்கா ஊர்க்கூட்டத்தில் சொன்னார். கடல் பக்கத்துப் பாதி முகடு நிற்காது. மறுநாள் மத்தியானம் தடுப்புக் கயிறு கட்டியபின் யாரும் ஏறக்கூடாது. அம்மா இருந்தது அந்தப் பாதியில்.

விடிந்ததும் தொகுசோ சித்தப்பா மண்வெட்டியோடு வந்தார்.

"வாண்ணே, அண்ணியக் கூட்டிட்டு வருவோம். கிழங்காட்டம் நல்லா வெந்திருப்பாங்க."

"வாய மூட்றா, நாயே" என்றார் அப்பா. ஆனால் இருவரும் ஒரே தாம்புக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

மேலே அக்கா காத்திருந்தார். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்த ஆவியில அமிலம் இருக்கு. பாறையவே அது..."

"எலும்ப எடுக்கறது என் வேலை. கயிறு கட்றது உங்க வேலை. அவங்கவங்க வேலையப் பாப்போம்."

தோண்டத் தோண்டச் சரளை வந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக, சோறு குழைந்த மாதிரி மண். பெட்டிப் பலகை இல்லை. எலும்பும் இல்லை.

"எடம் தப்பு. இன்னும் அந்தாண்ட" என்றார் அப்பா.

அந்தப் பக்கமும் தோண்டினார்கள். அங்கேயும் வெள்ளை மண்தான். மண்வெட்டி எதிலோ பட்டு 'ணங்' என்றது. சித்தப்பா கையால் தடவி எடுத்தார். அம்மாவோடு வைத்த தேநீர்க் கிண்ணம். விளிம்பில் அவள் பல் பட்டு உடைந்த இடம் அப்படியே இருந்தது.

சித்தப்பா அதைச் சட்டையில் துடைத்து அப்பாவிடம் நீட்டினார்.

"குளிருமேன்னு வெச்சேன்" என்றார் அப்பா அக்காவைப் பார்த்து. "நானே அவளக் கரைச்சுட்டேன், இல்ல?"

அக்கா மண்ணில் மண்டியிட்டார். "இந்த மண்ணே ஒரு காலத்துல கருங்கல்லா இருந்துச்சுண்ணே."

அப்பா எலும்புக்காகக் கொண்டுவந்த ஜாடியில் அந்த மண்ணைக் கைகையாக அள்ளிப்போட்டார். நான் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். சூடு சட்டையைத் தாண்டி வந்தது. அரளிப் புதர்களைக் கடந்தபோது குறைந்தது. வீட்டு வாசலில் ஜாடி சில்லென்றிருந்தது.

சாயங்காலம் அப்பா முகட்டிலிருந்து கொண்டுவந்த கற்களை கேஸ் அடுப்பில் சுட்டு, துணியில் சுற்றி, ஜாடியோரம் வைத்தார். எல்லாம் சிவப்புச் சரளைக் கல். வைத்ததும் ஆறின. மறுபடி சுட்டார்.

"இதுவும் ஆறிடுச்சு" என்றார், யாரிடமோ சொல்வது போல.

நான் வெளியே போய், மதிலில் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்து, கனமான கருங்கல் ஒன்றை உருவி வந்தேன். அடுப்பில் வெகுநேரம் வைத்தேன்.

"இது தாங்கும்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

காலையில் கீழ் இடுகாட்டில் சித்தப்பா செருப்பைக் கழற்றி நின்று பார்த்தார். வழக்கமாகச் சத்தமாகச் சொல்கிறவர், மெல்லச் சொன்னார்.

"நல்ல குளிர்ச்சிண்ணே. சரியான எடம்."

அப்பா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குழியில் இறங்கி, துணி சுற்றிய கல்லை முதலில் வைத்து, அதன்மேல் ஜாடியை வைத்தேன். கல்லில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.