அழுத்திப் பிடிக்க வேண்டிய பட்டன்

என் அக்கா புருஷன் ஸ்டீபனுக்கு இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும், தேர்வாய் கண்டிகையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனியின் தகடு வெட்டும் பவர் பிரஸ் எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்துக்கொண்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்காமல் பர்மா பஜார் வரைக்கும் போய் ஒரு பரிசும் வாங்கி வந்தது.

குற்றம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மிஷினில் இரண்டு முழ இடைவெளியில் இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது என்பது கணக்கு. ஆனால் கம்பெனி கேட்கிற எண்ணிக்கைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால் ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக இடது பட்டனை அமுக்கிக் கட்டிவிட்டு, அந்தக் கையால் தகட்டை மாற்றுவோம். நான் கட்டுவது சைக்கிள் ட்யூப் துண்டால். பட்டன் மேல் ஒடித்த ஐஸ் குச்சி, அதன் மேல் ரப்பர் இரண்டு சுற்று, வால் உள்பக்கம் செருகல். சூப்பர்வைசர் சந்திரமோகன் வருவது தெரிந்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும்.

அன்றைக்குக் கம்பெனி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்க்காமல் ஓடிவிட்டேன்.

அடுத்த ஷிஃப்ட் மாமாவுடையது. அவர் ஒருநாளும் பட்டனைக் கட்டியதில்லை. வலது உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்தபடியே இடது கையால் தகட்டை ஒதுக்குவது அவர் பழக்கம். இன்னொரு பட்டன் அழுத்தப்படாத வரைக்கும் அதில் ஆபத்து இல்லை. அன்றைக்கு அது என் கட்டில் அழுந்தியே நின்றதை அவர் கவனிக்கவில்லை.

அவரேதான் கட்டிக்கொண்டார் என்று கம்பெனி எழுதிவிட்டது. என் ஷிஃப்டில் எதுவும் கட்டவில்லை என்று நானும் எழுதிக்கொடுத்தேன். நான் கட்டல, நான் கட்டல என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் மாமா. ஹெலன் அக்காவே நம்பவில்லை. அவசரத்தில் கட்டிவிட்டு ஒத்துக்கொள்ள மனசில்லை என்று என்னிடமே சொல்லி அழுதாள். நானும் தலையாட்டினேன். விரல் போனதைவிட அவள் நம்பாததுதான் அவரைத் தின்றது. என்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை அல்லவா நான்.

வாங்கிய பரிசு, கையில் பிடித்து ஆடும் சின்ன கேம் பெட்டி. பழைய டிவி கேம்கள் நூற்றுக்கணக்கில் அதற்குள் இருந்தன. அக்கா கல்யாணமான புதிதில் மாமாவும் நானும் டிவிக்கு ஒயர் போட்டு விடிய விடிய ஆடிய பட்டாளத்து கேமும் இருந்தது. சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு மணி நேரமாவது வேறு எதையாவது பார்க்கட்டும் என்று கொண்டுபோனேன். உண்மையில், அவர் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கும்மிடிப்பூண்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கையில் கொடுத்ததும் மாமாவின் முகம் கொஞ்சம் திறந்தது. கட்டை விரலால் பட்டாளத்தானை நடக்க வைத்தார். அதுவரை சரி. சுட வேண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியின் இடது மேல்முனைப் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் துப்பாக்கி குறிபார்க்கும். பிடித்தபடியே வலது மேல்முனைப் பட்டனைத் தட்டினால்தான் சுடும். இடது பட்டன் ஆள்காட்டி விரலுக்கானது. சுண்டு விரலுக்கு அது எட்டவில்லை. மடையன், கடையில் இதை யோசிக்கவில்லை.

பட்டனை மாற்றிவைக்கலாம் மாமா என்று செட்டிங்ஸுக்குள் போனேன். வலது பக்கம் நான்கு பட்டன். ஓட, படுக்க, துப்பாக்கி மாற்ற, குண்டு வீச என்று நான்குக்கும் வேலை இருந்தது. பழைய டிவி கேமின் கைப்பிடியில் மேல்முனையில் மட்டும் நான்கு பட்டன், போதாததற்குக் கட்டை விரலால் அசைக்கிற இரண்டு குச்சி. இந்தப் பெட்டியில் மேல்முனையில் இரண்டே பட்டன், குச்சியே இல்லை. நாலு பேர் வேலையை ரெண்டு பேர் தலையில் கட்டுவது எங்கள் கம்பெனியின் பழக்கம் மட்டும் இல்லை போலும். குண்டை எடுத்துவிட்டுக் குறியை அங்கே வைத்தேன். வலது கட்டை விரல் ஒன்றாலேயே குறியையும் பிடித்துக்கொண்டு ஓடுகிற பட்டனையும் அழுத்த முடியவில்லை. குறியையும் சூட்டையும் ஒரே பட்டனில் போட்டேன். துப்பாக்கி நிமிர்வதற்குள்ளேயே பட்டாளத்தான் தரையைச் சுட்டுவிட்டுச் செத்தான். ஒரு தடவை தட்டினால் அழுந்தியே நிற்கிற வசதி புதுப் பெட்டிகளில் உண்டாம். இதில் இல்லை.

மாமா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "வுடு மச்சான். இதெல்லாம் ரெண்டு கையும் முழுசா இருக்கறவனுக்கு."

எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் பைக் பெட்டியைத் திறந்தேன். பிரஸ்ஸில் வேலை செய்கிறவன் வண்டியில் ட்யூப் துண்டு எப்போதும் கிடக்கும். வாசலில் கிடந்த ஐஸ் குச்சி ஒன்றை ஒடித்தேன். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து இடது பட்டனை அமுக்கிக் கட்டினேன். மனசு முழுக்க அவர் சிரிக்க வேண்டும் என்பதிலேயே இருந்தது. கை அதன் வேலையை அதுவாகப் பார்த்தது.

இப்போது துப்பாக்கி நிமிர்ந்தே நின்றது. மாமா வலது பட்டனைத் தட்டினார். எதிரே நின்றவன் விழுந்தான். இன்னொருவனும் விழுந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்ததைக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் பெட்டியைத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே பட்டாளத்தானை யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு நிமிஷம்" என்றார். "மிஷினத் தூக்க ஆளு வர்ற வரிக்கும் கை உள்ளயே மாட்டிக்குனு இருந்துச்சி. கையப் பாக்க தைரியம் இல்ல. எதிருல இருந்த பட்டனையே பாத்துக்குனு நின்னேன். குச்சி. ரெண்டு சுத்து. வாலு உள்பக்கம். சந்திரமோகன் வந்து ஒரே இழுப்புல அவுத்தான்."

அவர் குரல் உயர்த்தவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

பெட்டியை என் முன்னால் நீட்டினார். "அவுத்துக் காட்டு மச்சான். உங்க அக்கா பாக்கட்டும்."

இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. குச்சி தரையில் விழுந்தது.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. என் கையில் தொங்கிய ரப்பரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் கட்டினேன், அவிழ்க்க மறந்து ஓடிவிட்டேன், பொய் எழுதிக்கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் உட்கார்ந்து மாமாவின் இடது கையைப் பிடிக்கப் போனாள்.

அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.