முருகனுக்கு நனைத்த வேட்டி

பெருந்துறைப் பக்கம் நாச்சியம்மாளின் சாயப் பட்டறையில் அன்று காலை புது மென்பொருள் ஓடவேண்டும். எழுதியவள் கோவை நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் தேஜஸ்ரீ. சாயத் தொட்டியின் வால்வை நேரம் பார்த்துத் திறப்பதும் மூடுவதும் அந்த மென்பொருளின் வேலை.

அதை ஒரு புத்தம்புது மொழியில் எழுதியிருந்தாள். பழைய நிரலில் பத்துப் பக்கம் பிடித்தது இதில் ஒரே பக்கத்தில் அடங்கியது. ஆனால் அந்த மொழியை இயக்கும் ரன்டைம் என்ற அடிப்படை மென்பொருள் இன்னும் முதல் பதிப்பைக்கூட எட்டவில்லை. "அதே இன்னும் தவழ்ந்துட்டு இருக்குது தேஜு, அது தலைல மூட்டைய ஏத்தறே" என்று கூட வந்த உதய் கேலி செய்தான். அலுவலகச் சோதனையில் ஒருமுறையும் தவறவில்லை என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள்.

ஏற்றுமதிக்கான படுக்கை விரிப்புகள் வெளுத்துத் தயாராக இருந்தன. நிறம் சற்றுக் கூடினாலும் முழுச் சரக்கும் திரும்பிவிடும். மறுபடி நெய்ய அவகாசமில்லை. நேராக அதையே போடலாம் என்றாள் தேஜஸ்ரீ. நாச்சியம்மாள் ஒப்பவில்லை. அந்தப் பட்டறையில் எது புதிதாக வந்தாலும் மஞ்சள் கரைத்துச் சென்னிமலை முருகனுக்கு ஒரு வேட்டி நனைத்த பிறகுதான் வியாபாரச் சரக்கு.

"அது மிஷினுக்குத்தானுங்களே அக்கா, இது வெறும் புரோகிராமுங்க."

"எதா இருந்தா என்ன அம்மணி, புதுசா வருதில்ல."

மஞ்சள் இறங்கத் தொடங்கியது. பாதியில் திரையின் எண்கள் அசையாமல் நின்றன. பிழைச் செய்தி ஏதுமில்லை. ரன்டைம் சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது. மூடச் சொல்ல எதுவும் இல்லாததால் வால்வு திறந்தே கிடந்தது. உதய் ஓடிப்போய்க் கையால் திருகி மூடுவதற்குள் தொட்டி காலி. தரையெல்லாம் மஞ்சள்.

தேஜஸ்ரீ விரிப்புகளைப் பார்த்தாள். வெள்ளை குலையாமல் அப்படியே இருந்தன. ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து மூச்சு விட்டாள். இயந்திரத்தில் குறையில்லை, இந்த மொழியைத் தேர்ந்தெடுத்தது தன் தவறு என்று அவளே சொன்னாள்.

நாச்சியம்மாள் வேட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்ச கொஞ்சம் தூக்கலாப் போச்சு. முருகரு திருப்பி அனுப்ப மாட்டாரு, உடு கண்ணு."

பழைய நிரலை மறுபடி ஏற்றினார்கள். அது ஏற்கெனவே ஓடியதுதானே, நேராகச் சரக்கைப் போடலாம் என்றார் நாச்சியம்மாள்.

"இன்னொரு வேட்டி இருக்குங்களா அக்கா?" என்று கேட்டாள் தேஜஸ்ரீ.

இந்த முறை வால்வு சரியாக மூடியது. சாயங்காலம் விரிப்புகள் மாதிரித் துணியின் நிறத்திலேயே வெளிவந்தன. பக்கத்துக் கொடியில் இரண்டு வேட்டிகள் காய்ந்தன. ஒன்று மட்டும் கண்ணைப் பறித்தது.