கர்வாலி மரத்தடியில் உட்கார்ந்தவன்

எங்கள் சபையின் உபதேசியார் அய்யம்பெருமாள் திருமானூரிலிருந்து வந்து அதைச் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினாரு பாப்பா. நீ பூலாம்பாடி போக வேணாம். இங்கயே ஒரு குடும்பத்தைக் கட்டணுங்கறது சித்தம்" என்றார். அந்தக் குடும்பம் அவருடைய தங்கை மகன் மணிமாறனுடையது என்பதையும் கர்த்தரே சொல்லியிருந்தாராம்.

பூலாம்பாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். உபவாசம் இருந்து ஜெபித்துத்தான் அந்த வேலைக்கு எழுதிப்போட்டேன். போ என்ற பதில் மனதில் தெளிவாகவே விழுந்தது. ஆனாலும் கீழப்பழுவூர் வீட்டைவிட்டு நான் கிளம்பவில்லை. அண்ணி இறந்தபின் அண்ணன் கலைச்செல்வனுக்கும் அவன் மகள் ஆர்த்திக்கும் சமைத்துப் போடுவது நான்தான். போகட்டுமா என்று அவனிடம் கேட்டிருந்தேன். சில நாள் கழித்து, "ஜெபிச்சுப் பாத்தேன் முத்தமிழு. எனக்குச் சமாதானம் கெடைக்கல" என்றான். கர்த்தர் சம்மதிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். எங்கள் சபையில் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். கல்யாணம், வீடு கட்டுவது, ஆபரேஷன் எல்லாம் அந்த ஒரு சொல்லில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனை நான் சந்தேகிக்கவில்லை. உபதேசியாரைத்தான்.

இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு அனுப்பப்பட்ட தேவ மனுஷனுக்குக் கட்டளை இது: அங்கே சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது. ராஜா விருந்துக்கு அழைத்தும் அவன் போகவில்லை. அந்த ஊர்க் கிழவர் ஒருவர், அவரும் தீர்க்கதரிசிதான், கழுதையேறி அவன் பின்னால் போய், உன்னை அழைத்துவரும்படி தேவதூதன் என்னிடம் சொன்னான் என்கிறார். அது பொய் என்று வேதமே சொல்லிவிடுகிறது. நம்பிப் போய்ச் சாப்பிட்டவனை வழியில் சிங்கம் கொன்றது. கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் ஏன் பொய் சொன்னார்? வேதம் வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரங்களில் அந்த மௌனத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டார்தான் அதிகாரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம். நான் அந்தக் கதையை எடுத்தேன். பொய் என்று வரும் வசனம் உபதேசியாரின் முறையில் விழும்படி கணக்குப் பார்த்துப் பாய்களை விரித்தேன். அவருக்கு நாற்காலி. அவருக்கு முந்தின இடத்தில் அண்ணன்.

"பாப்பா சிங்கத்தையில்ல எறக்கிருக்கு. டீக்கு முறுக்கு உண்டா, இல்ல நாமளே எரையா?" என்று உபதேசியார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாசிப்பு நகர்ந்தது. ஆர்த்தியின் முறை வந்தபோது, கிழவர் தேடிப் போகையில் தேவ மனுஷன் ஒரு கர்வாலி மரத்தடியில் உட்கார்ந்திருந்தான் என்று படித்தாள். எத்தனையோ முறை படித்த இடம்தான். காதில் கேட்டபோதுதான் உறுத்தியது. சாப்பிடாமல் ஊர் திரும்ப வேண்டியவன் ஏன் உட்கார்ந்தான்? யாராவது கூப்பிட வரட்டும் என்றா?

அப்போது சபையைச் சேர்ந்த தனம் அக்கா வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். பால் வண்டி தாமதமாம். "சிங்கம் வர்றதுக்குள்ள வந்துட்டேன்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் அண்ணனுக்கு முந்தின இடுக்கில் உட்கார்ந்துவிட்டார். என் கணக்கு ஒரு வசனம் தள்ளிப்போனது.

அந்த வசனம் அண்ணனுக்கு வந்தது.

உம்மைப் போல நானும் ஒரு தீர்க்கதரிசி என்பதுவரை சரளமாக வாசித்தான். தூதன் சொன்னதையும் வாசித்தான். பொய் என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டான். வெளியே சிமெண்ட் லாரி ஒன்று ஜன்னலை அதிரவைத்துப் போனது. அது போனபிறகும் அவன் வாசிக்கவில்லை. எழுத்து சின்னதா இருக்கோ என்று தனம் அக்கா தன் கண்ணாடியை நீட்டினார். அவன் அதை வாங்காமல், யாருக்கும் கேட்காத குரலில் மிச்சத்தை முடித்தான். அடுத்த வசனம் உபதேசியாருக்கு. தேவ மனுஷன் திரும்பிப் போய்ச் சாப்பிட்டதை அவர் கணீரென்று வாசித்தார்.

கீழ்ப்படிதலைப் பற்றி உபதேசியார் பேசி முடித்ததும், பொய் சொன்ன கிழவருக்கு ஏன் தண்டனை இல்லை என்று கேட்டேன். வேதம் சொல்லாததை நாம் தோண்டக் கூடாது என்றார்.

"அவருக்கு வூட்டுல கூட உக்காந்து சாப்பிட ஆள் இல்லாம இருந்திருக்கும்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

"மகனுங்க இருந்தாங்களே" என்றார் தனம் அக்கா.

அவன் வேதப்புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

போகும்போது மணிமாறன் விஷயம் என்ன என்று உபதேசியார் கேட்டார். போ என்று எனக்குச் சொன்ன கர்த்தர் அதை மாற்றுவதாக இருந்தால் எனக்கே சொல்லட்டும் ஐயா என்றேன். அவர் முகம் இறுகியது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அண்ணன் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீ ஜெபிச்சியா?"

சுருட்டிய பாயைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடியும் சாய்த்து, விழாதபடி கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆர்த்திக்கு நானே சோறாக்கிக்குவேன்" என்றான் கடைசியில். "எப்ப கெளம்புற?"

பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரவில்லை.

"காலையில. பெரம்பலூர் போயி பஸ் மாறணும்."