ஏழாவது கேசட்டில் பத்தொன்பது நொடி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அட்டைப்பெட்டியில் வந்தது, பன்னிரண்டு கேசட்டாக. எங்கள் திருச்சபை நடத்திய சிறுவர் வானொலி நாடகத்தின் முதல் தொகுப்பு. எழுதி இயக்கிய வாத்தியார் போய்ச்சேர்ந்துவிட்டார். அவருடைய மகள் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி மறுபடி வெளியிட நினைக்கிறார். இரவு வேலை முடிந்து வரும் எனக்குக் காலையில் சட்டென்று தூக்கம் வராது என்று அவருக்குத் தெரியும். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

"ஒரு காலத்தில் என் அக்காவின் குரல் ஆயிரக்கணக்கான வீடுகளில்..." நிறுத்திவிட்டேன். எத்தனை வீடு என்று யாரும் எண்ணவில்லை.

"பொய் சொல்லக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்ல, ஒரு பெரியவர் பொய் சொன்னார்." எழுதியதும் பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அந்த வாக்கியத்தில் நான் எங்குமே இல்லை.

மூன்றாவது, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

2

ஏழாவது நாடகம், பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டுக் காற்றின்மேல் பழி போடும் ஒரு பையனைப் பற்றியது. கடைசியில் மனம் திரும்பி அழுவான். பையனுக்குக் குரல் கொடுத்தது அக்கா. அப்போது அவளுக்குப் பத்து வயது. (பையன்களில் ஒருத்தனுக்கும் தாளைப் பார்த்துத் தடுமாறாமல் படிக்க வரவில்லை.) சபையின் பின்னறையில், ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, சனிக்கிழமைகளில் பதிவு நடக்கும்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நான்கு சனிக்கிழமை வீணாயிற்று.

எங்கள் அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நாள் முழுக்கச் சாரத்தில் நிற்கிற வேலை. ஐந்தாவது சனிக்கிழமை, அக்கா தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்தபோது, ஆறு வயதுத் தம்பி அவளிடம் ஓடிப்போய், அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று சொன்னான். அவள் வெளியே ஓடப் பார்த்தாள். வாத்தியார் அவள் தோளைப் பிடித்து மைக்கின் முன்னால் நிறுத்தினார். "விடுங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்று அவள் கதறியது அப்படியே நாடகத்தில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு ஓடத் துடிக்கிறான் பையன் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. ஒரு கடிதத்தைப் போதகர் பிரசங்கத்திலேயே வாசித்தார்.

சாயங்காலம் அப்பா எங்களைக் கூட்டிப்போக வந்தார், முழங்கைவரை நீலப் பெயிண்டோடு. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

(வாத்தியாரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், அந்த ஆள் தாளில் நிற்க மாட்டேன் என்கிறார். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்கியவர் அவர். எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வீடு தேடி வந்து ஜெபித்துவிட்டுப் போனவர். அன்று செய்ததையும் ஊழியம் என்றே நம்பியிருப்பார்.)

3

அதற்குப் பிறகு அக்காவிடம் எந்தச் செய்தி சொன்னாலும் முதலில் கேட்பது, "யாரு சொன்னா?" பரீட்சை தள்ளிப்போனதற்கும் அதுதான், சித்திக்குக் குழந்தை பிறந்ததற்கும் அதுதான்.

அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று அவளுக்குப் போன் செய்தது நான். சொன்னேன். "போனை அம்மாகிட்ட குடு" என்றாள். அம்மா சொன்ன பிறகுதான் அழுதாள்.

(இந்தப் பகுதியை இரண்டு முறை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். அனுதாபம் தேடுவதுபோல இருந்தது. ஆனால் இது இல்லாவிட்டால் அக்காவிடமிருந்து எது பறிபோனது என்பது உங்களுக்குத் தெரியாது.)

4

மறுபடி வெளியிட, குரல் கொடுத்தவர்களின் கையெழுத்து வேண்டும். அக்கா மாட்டேன் என்றாள். வாத்தியாரின் மகள் கேட்டார், அம்மா கேட்டாள், பிறகு என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

"எனக்கு என் அழுகையப் பத்திக்கூட இல்லடா" என்றாள் அக்கா. "அந்த ஆளு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்துனாரு. நீ ஆறு வயசுப் பொடியன். உன்கிட்டயும் அதையே சொல்லியிருக்காரு, நீயும் நம்பிப் பதறிப்போய் ஓடி வந்த. அத நெனச்சாத்தான் எனக்கு இன்னும் வயிறு எரியுது."

நான் கையெழுத்தைப் பற்றி மறுபடி கேட்டேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். பெட்டியில் இருக்கும், வெட்டுவதற்கு முந்தைய அசல் கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை அவள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கையெழுத்து.

"நம்ம ரெண்டு பேரையும்" என்று சொன்னாள், கவனித்தீர்களா? முப்பத்தைந்து வருடமாக அந்த அறையில் அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தான்.

5

வாத்தியாரின் டேப் ரெக்கார்டரில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் 'டொக்' என்று சத்தம் வரும். அது நாடகத்தில் விழக் கூடாது என்று, ஆள் வருவதற்கு முன்பே அழுத்திவிட்டு, வேண்டாததைப் பிறகு நீக்குவார். அசல் கேசட்டில் எல்லாமே இருக்கிறது. அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரமும் இருக்கிறது.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

வாத்தியார்: எங்க, இன்னொரு தடவ சொல்லு தம்பி.

நான்: அக்கா, அப்பா சாரத்துல இருந்து விழுந்துட்டாரு.

வாத்தியார்: ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கிச் சொல்லு.

நான்: (மூச்சு வாங்கி) அக்கா... அப்பா... சாரத்துல இருந்து...

பிறகு ஒரு சிரிப்பு. என் சிரிப்பு. ரசித்துச் சிரித்திருக்கிறேன்.

வாத்தியார்: அவ முன்னாடி சிரிச்சுராத.

பத்தொன்பது நொடி.

ஆறு வயதில் எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். ஆறு வயதுக்கு அது பொருந்தும். மீதி முப்பத்தைந்து வருடமும் எனக்குத் தெரியும்.

6

முடிவுகள்:

அ) பத்தொன்பது நொடியை நீக்கிவிடுகிறேன். இரண்டு கிளிக். அக்கா கேட்கிறாள், வாத்தியாரைத் திட்டுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள். (நேற்று நீக்கிப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

ஆ) நீக்காமல் விடுகிறேன். அவள் கேட்டுவிட்டு, "எத்தன வருஷம் ஆச்சு, விடுடா" என்று சிரிக்கிறாள். இதை எழுதியது என் ஆசை. அக்கா அப்படிப்பட்டவள் இல்லை.

இ) அவள் எழுந்து போகிறாள், பிறகு எப்போதும் வருவதில்லை. இதையும் அடித்துவிட்டேன். கஷ்டப்படப்போவது நான்தான் என்பதுபோல் இருந்தது.

ஈ) அவள் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்பே நான் வாயைத் திறக்கிறேன். "அக்கா, அன்னைக்கு..."

7

அந்த வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. எழுத வராமல் இல்லை. ஏழு விதமாக வந்தது. ஒன்றில் நான் தயங்குகிறேன், ஒன்றில் குரல் உடைகிறது, ஒன்றில் சரியான இடத்தில் மூச்சு வாங்குகிறேன். எல்லாமே நம்பும்படி இருந்தன. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

அக்கா நாளை மதியம் வருகிறாள். கேசட் முழுதாக இருக்கிறது. அவள் கேட்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும், அது மட்டும் முடிவாகிவிட்டது. என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் சொல்லாதீர்கள். மனப்பாடம் செய்துவிடுவேன்.