நீராவின் வட்டம்

மொட்டைமாடியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ரோஜினா வெறுங்காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே ஒரு கண்ணை மகள் மேல் வைத்திருந்தாள். இரண்டரை வயது நீரா சுவரோரமாக நின்று, சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முன்னாடி இங்க செவுரு இல்ல," என்றாள் குழந்தை.

ரோஜினாவின் கால் நின்றுவிட்டது.

கீர்த்திபூரில் அந்தத் தெருவிலேயே உயரமான மாடிச் சுவர் அவர்கள் வீட்டுச் சுவர்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், தசைன் பண்டிகை நாளில், அறுந்த பட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடிய அவர்கள் மூத்த மகன் ரூபின், அப்போது சுவரில்லாத அந்த மாடியிலிருந்துதான் கீழே விழுந்தான். அவனுக்கு வயது நான்கு. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் அப்பா பிகேந்திரா தானே செங்கல் சுமந்து அந்தச் சுவரைக் கட்டினான். வெள்ளம் போன பிறகு போட்ட அணை. நீரா பிறந்தது அதற்கப்புறம் ஒன்றரை வருடம் கழித்து. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று யாரும் சொன்னதில்லை. அவன் படத்தைக்கூட பிகேந்திரா துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டான்.

வேறொரு தாயாக இருந்தால் அந்த நிமிடமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடியிருப்பாள். ரோஜினாவுக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வந்துவிட்டான் என்று நினைத்தாள். என் வயிற்றிலேயே திரும்பி வந்திருக்கிறான், என்னிடம் சொல்ல இத்தனை நாள் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் நெல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அதைச் சொல்லத்தான் வேண்டும், சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பட்டக் காலம் முடிந்து வானம் காலியாகக் கிடந்த ஒரு மதியம், குழந்தை அண்ணாந்து பார்த்து, "சங்கா ச்சேட்!" என்று கத்தியது. எதிராளியின் பட்டத்தை அறுத்தவர்கள் போடும் கூச்சல் அது. பக்கத்து மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த தீர்த்தமயா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி ரோஜினா, உன் பொண்ணு எந்தப் பட்டத்தை அறுத்தா? எனக்கு ஒண்ணும் தெரியலியே. கண்ணாடி மாத்தணும்போல."

"குழந்தைதானே அக்கா. எங்கேயோ கேட்டிருக்கும்."

"கேட்டது சரி. யாரு கூட விளையாடுது? நானும் காலையிலேருந்து பாக்கறேன். தானே ஓடுது, தானே நின்னு திரும்பிப் பாக்குது, தானே சிரிக்குது. என் மாமியார் காடாச் சாராயம் குடிச்சா இப்படித்தான் இருப்பா."

ரோஜினா சிரித்து வைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் தீர்த்தமயா பார்த்ததை அவளும் பார்த்திருக்க வேண்டும். "நீரா" என்று கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை. ரூபினைக் கூப்பிட்டது போல "பாபு" என்றால் உடனே திரும்பும். அதுவும் முதலில் தன் பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகுதான் அம்மாவைப் பார்க்கும். தட்டில் சோறு போட்டால் பாதியை ஒதுக்கி வைக்கும். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. கை எப்போதும் சில்லென்றிருந்தது. மருந்துக் கடைக்காரர் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சியும் விழவில்லை, பிள்ளையும் தேறவில்லை. ரோஜினா கண்டதெல்லாம் மகன் திரும்பி வந்த அடையாளம். மகள் கரைந்துபோவதைக் காணவில்லை. காண விரும்பவில்லை என்பதே சரி.

அவளிடம் இன்னொரு ரகசியமும் இருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

அவர்களைப் போன்ற நேவார் இனத்தார் வீடுகளில் தீபாவளிக்கு அடுத்த நாள் உடம்புக்குப் பூசை. அவரவர் உடம்புக்கு, அவரவர் ஆயுளுக்கு. மெழுகிய தரையில் வரிசையாக, வீட்டில் ஆளுக்கு ஒரு வட்டம் வரைவார்கள். தண்ணீரால் ஒன்று, அதன் மேல் எண்ணெயால் ஒன்று, அதன் மேல் மாவு, தானியம், பூ. அவரவர் வட்டத்துக்குப் பின்னால் அவரவர் உட்கார, வீட்டுக்காரி நீளத் திரியை ஏற்றி, பேர் சொல்லி, ஆயுசு கேட்பாள். வெளியூரில் இருப்பவர்களுக்கும் வட்டம் உண்டு. வரிசையின் கடைசியில் எமனுக்கும் ஒன்று போட வேண்டும். வந்தவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு, வீட்டாரைத் தொடாமல் போகட்டும் என்று. இறந்தவர்களுக்கு மட்டும் வட்டம் கிடையாது.

ரூபின் போன மறுவருடம் நீரா வயிற்றில் இருந்தாள். பிறக்காத பிள்ளைக்கென்று சொல்லி ரோஜினா ஒரு வட்டம் வரைந்தாள். பிகேந்திராவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் திரியை ஏற்றும்போது அவள் வாய்க்குள் சொன்ன பேர் ரூபின். அடுத்த வருடம் கைக்குழந்தை மடியில் கிடக்க, அதே வட்டம், அதே பேர். போன வருடமும் அப்படியே. செத்தவனை ஊருக்குப் போனவனாக எண்ணிக்கொண்டாள். ஒரு பேரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இந்த வருடப் பூசை நாளில் காலையிலேயே சண்டை வந்தது. வயலில் மீதிக் கதிரை ஏற்றிவிட்டு வந்த பிகேந்திரா, வாசலில் நின்ற மகளைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அது யாரு ஸ்வெட்டர்?"

"குளிருது. சும்மா பெட்டியில கிடந்தது."

"நீலக் கலர்ல ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் இந்த வீட்டுல பெட்டியில கிடந்தது. எனக்கு ஞாபகமில்லன்னு நினைச்சியா?"

"புதுசு வாங்கித் தந்தீங்களா நீங்க? கேட்டா நெல்லு விக்கட்டும், நெல்லு விக்கட்டும்னு..."

"பேச்சை மாத்தாத." அவன் குரல் தணிந்தது. "நீ யாரை வளக்கறே ரோஜினா? நானும் பெத்தவன்தான். எனக்கும் அவன் வேணும். ஆனா இது அவன் இல்ல. இது வேற பிள்ள. நேத்து தூக்கினேன், கோழிக்குஞ்சு கனம்கூட இல்ல."

அவள் பூசைக்கு முட்டை வேகவைக்கப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் வட்டங்களை வரைந்தாள். முதலில் பிகேந்திராவுக்கு. அடுத்து, ஒசாகாவில் வேலை பார்க்கும் கொழுந்தன் சுஜனுக்கு. அடுத்து தனக்கு. அடுத்து பிள்ளைக்கு. கடைசியில் எமனுக்கு. ஒவ்வொன்றிலும் வாடாமல்லிப் பூ, ஒரு வாதுமைக்கொட்டை, ஒரு துண்டு நார்த்தம்பழம். வட்டம் என்றால் ஆள்தான். தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது, பூசை முடிந்து வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

பிகேந்திரா போய்த் தன் வட்டத்துக்குப் பின்னால் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தான். சுஜனின் பாய் காலியாக இருந்தது. நீரா நடுக்கூடத்தில் ஒரு வாதுமைக்கொட்டையை உருட்டிக்கொண்டு நின்றாள். உருட்டிவிட்டுக் காத்திருந்தாள். அது கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்ப அவள் காலடிக்கு உருண்டு வந்தது. தரை மேடு பள்ளம்தான் என்று ரோஜினா நினைத்துக்கொண்டாள்.

திரி ஏற்றினாள். "பிகேந்திரா மகர்ஜன், ஆயுசோட இருக்கணும்." அடுத்தது, "சுஜன் மகர்ஜன், எங்க இருந்தாலும் ஆயுசோட இருக்கணும்." தனக்கு ஒன்று. நான்காவது வட்டத்தில் திரியை வைக்கும்போது வழக்கம்போல் குரலை விழுங்கினாள். ஆனால் கூடம் அன்று கிணறு மாதிரி அமைதியாக இருந்தது.

"என்ன பேரு சொன்ன?" என்றான் பிகேந்திரா.

"குழந்தை பேருதான்."

"எந்தக் குழந்தை?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீரா, வா, வந்து உக்காரு," என்றாள். குழந்தை அசையவில்லை. "பாபு, வாடா."

குழந்தை அருகே வந்தது. நான்காவது பாயைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது.

"அண்ணா உக்காந்திருக்கான்."

"யாரு?"

"அண்ணா. தள்ளுன்னு சொன்னேன். தள்ள மாட்டேங்கறான். அம்மா எனக்குதான் போட்டாங்கங்கறான்."

ரோஜினா இத்தனை நாள் மகன் மகளுக்குள் இருப்பதாக நினைத்திருந்தாள். அவன் உள்ளே இல்லை. பக்கத்தில் இருந்திருக்கிறான். அவள் போட்டுக்கொடுத்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்க, பெண் குழந்தை இடமில்லாமல் இந்த வீட்டில் அலைந்திருக்கிறது.

"எத்தனை வருஷமா?" பிகேந்திரா கேட்டான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எத்தனை வருஷமா அவன் பேரைச் சொல்றே?"

"முதல்லேருந்து."

"அப்போ நீராவுக்கு? பிறந்ததுலேருந்து ஒருத்தரும் ஆயுசே கேக்கலையா அவளுக்கு?"

ரோஜினா தானே தன் மகளின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறாள். அதுவும் பூவும் பழமும் வைத்து, விளக்கேற்றி.

அதற்குள் நீரா நகர்ந்துவிட்டாள். யார் சொல்லிக்கொடுத்ததோ, ஒரு வட்டத்தையும் மிதிக்காமல், பாய்களின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வரிசையின் கடைசிக்குப் போனாள். எமனின் வட்டத்துக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களைப் போலவே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு,

"எனக்கு?" என்றாள்.

ரோஜினாவின் கையில் மீதமிருந்தது ஒரே ஒரு திரி. அது அந்தக் கடைசி வட்டத்துக்குரியது. எந்த வட்டத்தில் யார் உட்காருகிறார்களோ அந்தப் பூசை அவர்களுக்குத்தான்.

பிகேந்திரா பாதி எழுந்தான்.

"எழுந்திரிக்காதீங்க," என்றாள் அவள். "நான் பண்ணினதை நானே பாக்கறேன்."

நான்காவது வட்டத்தின் முன்னால் முழங்காலிட்டாள். காலிப் பாய்தான். வைக்கோல் பாய், ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருந்தது. ஆனால் நடுவில் அழுந்தியிருந்தது. சின்ன ஆள் உட்கார்ந்தால் அழுந்தும் அளவுக்கு. அவள் கை நீட்டிப் பார்க்கவில்லை. நீட்டினால் அவனை வாரி எடுத்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியும்.

"பாபு," என்றாள். "எழுந்திரு. இது தங்கச்சி இடம்."

சுடர் ஆடாமல் நின்றது.

"உன் மேல ஒரு தப்பும் இல்லடா. அம்மாதான் உன்னைப் போகவிடாம உக்கார வெச்சேன். பொய் சொல்லி வெச்சேன். நீ ஊருக்குப் போகல. நீ செத்துப்போயிட்ட." நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாய் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "எழுந்திரு கண்ணா. தங்கச்சி அங்க தப்பான இடத்துல உக்காந்திருக்கா பாரு. நீதான் அவளுக்கு இடம் விடணும். நீ பெரியவன்."

சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் யாரோ எழுந்தால் சாய்வது போலச் சாய்ந்து, நிமிர்ந்தது. பாயின் வைக்கோல் மெல்லச் சரசரத்து மேலெழுந்தது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த நீரா அண்ணாந்து எதையோ பார்த்தாள். பிறகு எழுந்து, வந்த வழியே பின்புறமாகச் சுற்றி வந்து, நான்காவது பாயில் உட்கார்ந்தாள். கையால் பாயைத் தட்டினாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

பிகேந்திரா முகத்தை மூடிக்கொண்டான்.

ரோஜினா கையிலிருந்த புதுத் திரியை ஏற்றி மகளின் முன்னால் வைத்தாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நீரா மகர்ஜன். நீரா மகர்ஜன், நூறு ஆயுசோட இருக்கணும்!"

"ம்," என்றது குழந்தை. பக்கத்தில் பார்க்கவில்லை. நேராக அம்மாவைத்தான் பார்த்தது. பிறகு கை நீட்டித் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக் கடித்தது.

அந்த வட்டத்தில் இன்னொரு திரியும் எரிந்துகொண்டிருந்தது. ரூபின் பேரில் ஏற்றியது. ஏற்றிய திரியை அணைக்கக் கூடாது. இடம் மாற்றலாம். மாற்ற ஓரிடம்தான் மீதியிருந்தது.

அவள் அதை உள்ளங்கையில் எடுத்தாள். எமனின் வட்டத்துக்கு இரண்டே அடி தூரம். முதல் அடி வைத்ததும் புடவை பின்னால் இழுத்தது. முழங்கால் உயரத்தில், சின்னக் கை கொத்தாகப் பிடித்தால் இழுக்குமே, அந்த இழுப்பு. நீரா தன் பாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டை தின்றுகொண்டிருந்தாள். ரோஜினா திரும்பவில்லை. இரண்டாவது அடியும் வைத்தாள். இழுப்பு கூடவே வந்தது.

குனிந்து, மகனின் திரியைத் தன் கையாலேயே எமனின் வட்டத்தில் வைத்தாள்.

வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளையிடம் எந்தத் தாயும் போயிட்டு வா என்றுதான் சொல்வாள். அவள் வாயிலும் அதுதான் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"போ கண்ணா," என்றாள்.

கொஞ்ச நேரம் இழுப்பு விடவில்லை. பிறகு புடவையிலிருந்து பிடி ஒவ்வொரு விரலாக விட்டது.